வாசல் வரைக்கும்தான் தளர்வு

2020 கொரோனா ஊரடங்கில், செப்டம்பர் 1ஆம் தேதி மாவட்டத்துக்குள் பஸ் ஓட ஆரம்பித்தது. மாநிலத்துக்குள் இ-பாஸ் தொல்லை ஒழிந்தது. கோயில்கள் நடை திறந்தன. 7ஆம் தேதி மாவட்டம் தாண்டியும் பஸ் போனது, சென்னையில் மெட்ரோ ரயில் ஓடியது. மே மாதம் இழுத்து மூடி, திருமழிசைக்குத் துரத்தப்பட்ட கோயம்பேடு காய்கறி மார்க்கெட் 28ஆம் தேதி பழைய இடத்துக்கே திரும்பியது. நவம்பர் 10 முதல் தியேட்டர், பாதி இருக்கைகளோடு. ஜூலைக் கடைசியில் ஒரு நாளைக்கு ஏழாயிரத்தை நெருங்கிய தொற்று எண்ணிக்கை நவம்பர் முடியும்போது ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே வந்துவிட்டது. தீபாவளி நெருக்கத்தில் தி.நகரைப் பார்த்தவர்கள், கொரோனா என்று ஒன்று வந்ததா என்றே கேட்டிருப்பார்கள்.

இந்தத் தளர்வு அறிவிப்புகள் எல்லாவற்றின் வாலிலும் ஒரு வரி மட்டும் மாறாமல் ஒட்டிக்கொண்டு வந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அத்தியாவசியத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் தவிர வெளியே வர வேண்டாம். கட்டளைகூட இல்லை, அறிவுரைதான். மீறினால் போலீஸ் பிடிக்கப்போவதில்லை. பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் இருவர் மட்டும் இங்கே என்று இருக்கும் வீடுகளில் இதை அமல்படுத்தப் போலீஸ் தேவைப்படவும் இல்லை. ராத்திரி எட்டு மணி வீடியோ கால் போதும்.

மார்ச், ஏப்ரலில் ஊரே உள்ளே இருந்தது. நமக்கு மட்டும்தானா என்ற வருத்தம் யாருக்கும் இல்லை. புரட்டாசி பிறந்ததும் தெரு வெளியே கிளம்பிவிட்டது. பெரியவர்கள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரடங்கின் கஷ்டமான பகுதி அவர்களுக்கு அப்போதுதான் ஆரம்பித்தது என்பேன்.

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் அப்படி ஒரு வீடு. கணவருக்கு அப்போது 69 வயது. தபால் துறையில் ஆர்.எம்.எஸ். பிரிவில், ஓடும் ரயிலில் கடிதம் பிரிக்கும் சார்ட்டராகச் சேர்ந்து 2011இல் ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 66. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். 58 வயதில் ஓய்வு. தெருவில் அவர் ‘சார்’, இவர் ‘டீச்சர்’. பெயர் போட வேண்டாம் என்றார்கள். மகள் பெங்களூரில், மகன் நியூஜெர்சியில். நான் கேட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார, அவர்கள் உள்ளே வராந்தாவில். நடுவே செம்பருத்திச் செடி. இப்படித்தான் பேசினோம்.

“சர்வீஸ்ல பாதி ராத்திரி மெயில் வேன்லதான் போச்சு. காலைல வந்து தூங்குவேன். நான் எழுந்திருக்கிறப்ப இவ ஸ்கூலுக்குப் போயிருப்பா” என்றார் சார். “ரிட்டயர் ஆனப்புறமாச்சும் வீட்ல இருந்தாரான்னு கேளுங்க” என்றார் டீச்சர். காலையில் நடை, அப்படியே டீக்கடை, பத்து மணிக்கு நூலகம், பென்ஷனர் சங்கம், சாயங்காலம் பெருமாள் கோயில் திண்ணை. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும்தான் வீடு. நம்மூரில் ஓய்வு பெற்ற ஆண்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஓய்வைக் கழிக்கிறார்கள். அதாவது, வீட்டுக்கு வெளியே. அலுவலகம் போவதுபோலவே கிளம்பிப் போகிறார்கள், சம்பளம்தான் கிடையாது. கல்யாணமாகி நாற்பது வருஷம் கழித்து, இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருபத்துநாலு மணி நேரமும் இருந்தது அந்த வருஷம்தான்.

கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய பல விஷயங்கள் இப்போது தெரியவந்தன. சார் ரேடியோவை அணைக்காமலே தூங்கிவிடுவார். டீச்சர் மதியம் இரண்டரை மணிக்கு ஒரு காபி குடிப்பதும், அந்தக் காபியை எத்தனையோ வருஷமாகத் தனியாகவே குடித்துவந்ததும் சாருக்குத் தெரியாது. “அந்தக் கால் மணி நேரம் என்னோடது. அதுலயும் வந்து உக்காந்துட்டார்.” சொல்லும்போது சிரித்தார். முழுக்கச் சிரிப்பாகவும் தெரியவில்லை.

வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஊரப்பாக்கம். மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து பஸ். மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அவர் வருவது நின்றது. முதல் மூன்று மாதம் முழுச் சம்பளத்தையும் அவர் மகனின் போனுக்கு அனுப்பினார்கள். பிறகு பாதி. பாதியாக்கியதைச் சொல்லும்போது டீச்சர் குரல் கொஞ்சம் இறங்கியது. பஸ்ஸும் மெட்ரோவும் ஓடத் தொடங்கிய பிறகும் புறநகர் ரயிலில் பொதுமக்களை ஏற்றவில்லை. அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும். வீட்டு வேலை அத்தியாவசியப் பணி இல்லையாம். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் வீட்டில் யார் பாத்திரம் தேய்த்தார்களோ!

இங்கே டீச்சர்தான் தேய்த்தார், மே மாதம் இடுப்பு பிடித்துக்கொள்ளும் வரை. அப்புறம் சார் கைக்கு வந்தது. பழைய சார்ட்டர் அல்லவா, தொட்டியடியில் உட்கார்ந்ததும் முதல் வேலை பிரிப்பதுதான். டம்ளர், கரண்டி ஒரு பக்கம். எண்ணெய் படாத தட்டு, கிண்ணம் ஒரு பக்கம். பால் பாத்திரம் தனி, அதற்கு முன்கூட்டியே தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார். வாணலியும் தோசைக்கல்லும் கடைசி. பித்தளைக்குப் புளி, எவர்சில்வருக்குச் சோப்பு. இந்த ஒழுங்கில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். டீச்சர் இருபது நிமிஷத்தில் முடிப்பார். “ரயில் தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டு போயிடும், இவர் பை கட்ட மாட்டார்” என்பது டீச்சரின் தீர்ப்பு. ஆனால் திரும்ப அந்த வேலையைத் தான் வாங்கிக்கொள்ளவில்லை. சமையல், துணி, பெருக்குவது எல்லாம் டீச்சரிடமேதான் இருந்தன. சார் பாத்திரம் தேய்க்கிறார் என்ற செய்தி பெங்களூரையும் நியூஜெர்சியையும் எட்டி, மருமகள் வரை பாராட்டியாகிவிட்டது. டீச்சர் மூன்று வேளை சமைத்ததை யாரும் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளியில் மணி அடித்தால் வேலை முடியும், இங்கே மணி அடிக்க ஆளில்லை என்றார் அவர்.

கோடையில் ஒரு ஆறுதல் இருந்தது, மொட்டை மாடி. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் எல்லா மாடிகளிலும் ஆட்கள் நடப்பார்கள். மாடிக்கு மாடி கத்திப் பேசி, மாங்காய் ஊறுகாய் பக்குவம் முதல் அரசியல் வரை எல்லாம் நடந்தது. ஐப்பசி மழை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. மாடியில் பாசி. இந்த வயதில் வழுக்கி விழுந்தால், உடைந்த இடுப்பெலும்போடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற பயம் கொரோனாவைவிடப் பெரிசு. நடை வீட்டுக்குள் வந்தது. சாமி அறையிலிருந்து கொல்லைக் கதவு வரை போய்த் திரும்புவது. சோபாவை ஓரம் தள்ளியாயிற்று.

கொடியில் துணி காயவில்லை. துணி முகக்கவசங்களை ஃபேனுக்கடியில் கட்டி, பிறகு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்தார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், சளி. ஐப்பசியில் சளி பிடிப்பது உலக வழக்கம். மிளகு ரசம், கற்பூரவல்லி, இரண்டு நாள் ஆவி, அதோடு போகும். அந்த ஐப்பசியில் ஒரு தும்மல் போட்டால்கூட எதிரில் இருப்பவர் முகம் மாறிவிட்டது.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. செப்டம்பர் 25. எஸ்.பி. பாலசுப்ரமணியம் இறந்த மதியம். ஆகஸ்ட் 5ஆம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, லேசான தொற்றுதான், யாரும் கவலைப்பட வேண்டாம் என்று அவரே சிரித்தபடி வீடியோவில் சொன்னார். நடுவில் கொரோனா நெகட்டிவ் என்றுகூடச் செய்தி வந்தது. அப்புறமும் போய்விட்டார். 74 வயது. இந்தத் தலைமுறை 1969இலிருந்து அந்தக் குரலோடு வளர்ந்தது. துக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எல்லாப் பெரியவர்களும் மனசுக்குள் ஒரு கழித்தல் கணக்குப் போட்டார்கள். எழுபத்துநாலில் அறுபத்தொன்பது போனால் ஐந்து. “பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர்கள். அவருக்கே இப்படின்னா?” சார் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அக்டோபர் நடுவில் அவருக்கே இருமல் வந்தது. முதல் நாள் மறைத்தார். கொல்லைப்பக்கம் போய் இருமிவிட்டு வந்திருக்கிறார். டீச்சர் வகுப்பறையில் முப்பது வருஷம் நின்றவர், முதுகுக்குப் பின்னால் நடப்பதும் தெரியும். ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினார்கள். 96. இன்னொரு விரலில் 97. ஜன்னல் பக்கம் போய் மறுபடியும் 96. 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று மகன் சொல்லி வைத்திருந்தான். சார் முன்னறையில் அடைந்தார். வாசலில் ஒரு முக்காலி. டீச்சர் தட்டை அதில் வைத்துவிட்டு நகர்ந்ததும் அவர் எடுத்துக்கொள்வார். முன்னறைக்கும் அடுப்படிக்கும் இருபதடி. அதற்கு செல்போன். “ரசம் இன்னும் கொஞ்சம் வேணும்”, “மாத்திரை போட்டாச்சா”, “கதவைச் சாத்துங்க, கொசு வருது.” கடிதங்களோடு வாழ்ந்தவர், ஊர் ஊராகப் பிரிந்திருந்தபோதுகூட இவ்வளவு பேசியதில்லை என்கிறார்.

பரிசோதனைக்கு ஆட்டோவில் போனார்கள். தமிழ்நாட்டில் அப்போது எடுத்தது எல்லாமே ஆர்.டி.பி.சி.ஆர். என்பதால் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் பேங்க் பாஸ்புக், இன்ஷூரன்ஸ், வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று சார் ஒரு பக்கம் எழுதி, முக்காலியில் வைத்தார். டீச்சர் படித்துவிட்டு, “ரெண்டாவது வரில எஃப்.டி. நம்பர் தப்பு” என்று போனில் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் நெகட்டிவ். வெறும் ஐப்பசிச் சளி. பிள்ளைகளுக்கு அதற்கப்புறம்தான் தகவல். அதற்காக மகள் இரண்டு நாள் பேசவில்லை.

இதற்கிடையில் நல்ல நாள், கிழமையும் வந்தன. புரட்டாசியில் வர வேண்டிய நவராத்திரி அந்த வருஷம் ஐப்பசி 1ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. டீச்சர் ஐந்து படிக்குப் பதில் மூன்று படி வைத்தார். வெற்றிலை பாக்கு வாங்க யாரும் வரவில்லை. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதிலுக்கு இன்னொரு வீட்டுக் கொலுப் படம் வரும், அவ்வளவுதான். அரைப்படி கடலை ஊறவைத்த வீட்டில் ஒரு ஆழாக்கு. டி.வி. ரிமோட்டுக்கு நடந்த சண்டையைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். ஏழரைக்கு ஐ.பி.எல்., எட்டு மணிக்கு சீரியல், அக்டோபர் 4லிருந்து பிக்பாஸ் வேறு. சென்னை அணி சரித்திரத்திலேயே முதல்முறையாக பிளே ஆஃபுக்குப் போகாமல் வெளியேறி, அந்தப் பிரச்சினையைத் தானே தீர்த்துவைத்தது.

பணத்தைப் பற்றிப் பேச இருவருமே தயங்கவில்லை. இரண்டு பென்ஷன் வரும் வீடு. குறை சொன்னால் நன்றாக இருக்காது என்று தொடங்கித்தான் சொன்னார்கள். 2020 ஜனவரியிலிருந்து தர வேண்டிய அகவிலைப்படி உயர்வை, 2021 ஜூலை வரை கிடையாது என்று மத்திய அரசு ஏப்ரலில் நிறுத்தியது. மாநில அரசும் பின்தொடர்ந்தது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி ஏப்ரல் 1 முதல் 8.6 சதவீதத்திலிருந்து 7.4க்கு இறங்கியது. அப்போதைய உச்சவரம்பான 15 லட்சத்தைப் புதிதாகப் போட்டவருக்கு, மூன்று மாதத்துக்கு 32,250 ரூபாய் வந்திருக்க வேண்டிய இடத்தில் 27,750 வந்தது. டீச்சர் இதைக் காகிதம் இல்லாமல் சொன்னார். ரயிலில் மூத்தவர்களுக்கான கட்டணச் சலுகையும் மார்ச் 20ஆம் தேதியோடு நின்றது. ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50. “ரயிலே ஏறப்போறதில்லை, அப்புறம் சலுகை எதுக்கு?” என்றார் சார். வாழ்க்கையை ரயிலில் கழித்தவர் சொன்னதால் எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

இது பென்ஷன் வீட்டுக் கதை என்பதையும் மறந்துவிடக் கூடாது. இதே தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் கணவன் மனைவிக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. ஓய்வு பெறும் வயது என்று அவர்களிடம் பேச முடியாது. அரசின் முதியோர் உதவித்தொகை அப்போது மாதம் 1,000 ரூபாய். ஐ.டி. பையன்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்ததும் சட்டைக்கு இஸ்திரி போட ஆளில்லை. ஊரடங்கு தளர்ந்தும் வண்டியில் மூட்டை சேரவில்லை. மழை வந்தால் கரி நமுத்துப்போகிறது. டீச்சர் சாரின் வேட்டிகளை வாரா வாரம் அனுப்பிக்கொண்டிருந்தார். “வாசல் தாண்டாத ஆளுக்கு எதுக்கு இஸ்திரி?” என்று சார் கேட்டதற்கு, போய்ப் பாத்திரத்தைப் பாருங்கள் என்று பதில் வந்திருக்கிறது.

திருச்சியில் இன்னொரு ஜோடி. கணவன் மனைவி இருவருமே பி.எஸ்.என்.எல். ஜனவரி 31ஆம் தேதி நாடு முழுக்க சுமார் 78 ஆயிரம் பேர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தார்களே, அதில் இவர்களும் இருவர். ஏப்ரலில் காசிக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள். “பணம் திரும்பி வந்துச்சு. மனசுதான் இன்னும் ஆபீஸ்லேர்ந்தே வரலை” என்று போனில் சொன்னார் அந்த அம்மா. அவர்களுக்கு இன்னும் அறுபதுகூட ஆகவில்லை. வெளியே போகத் தடையில்லை, போவதற்குத்தான் இடமில்லை.

நவம்பரில் முடிச்சூர் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார், தபால்காரர். மத்திய அரசு ஓய்வூதியர்கள் வருஷா வருஷம் நவம்பரில் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். 2020இல் டிசம்பர் 31 வரை அவகாசம் என்று அறிவித்திருந்தார்கள். 70 ரூபாய் கட்டினால் தபால்காரரே வீட்டுக்கு வந்து, கையடக்கக் கருவியில் விரல் ரேகை எடுத்து, ஆதாரோடு ஒப்பிட்டு அனுப்பிவிடுகிறார். கேட்டுக்கு வெளியே நின்ற பையனுக்கு, சாரும் தபால் துறைதான் என்று தெரிந்ததும் ரொம்ப மரியாதை. சானிடைசர் போட்டுத் துடைத்து, சார் கட்டைவிரலை வைத்தார். ஏற்கவில்லை. இடது கட்டைவிரல், ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல். பையன் கருவியைத் துடைத்தான், சார் கையைத் துடைத்தார். டீச்சர் வராந்தாவிலிருந்தே, “ஆறு மாசமாப் புளி போட்டுத் தேய்ச்ச கை தம்பி, ரேகையெல்லாம் தோசைக்கல்லோட போயிருக்கும்” என்றார். பையன் சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. கடைசியில் மோதிர விரல் ஒத்துக்கொண்டது. சார் உயிரோடிருக்கிறார்.

அடுத்த வாரம் நிவர் புயல்.

முடிச்சூர்க்காரர்களுக்குப் புயல் மழை என்றால் 2015 வெள்ளம்தான் நினைவு. அன்று இந்த வீட்டில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். கல்யாண ஆல்பம் உட்பட எல்லாம் போனது. அதன் பிறகுதான் இன்வெர்ட்டரைச் சுவரில் ஐந்தடி உயரத்துக்கு ஏற்றினார்கள், பத்திரங்களைப் பரணுக்கு. நவம்பர் 25ஆம் தேதி அரசு விடுமுறை. மதியம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தார்கள், 2015க்குப் பிறகு முதல்முறை. டி.வி. முழுக்க அந்த மதகுதான். முடிச்சூர் ஆட்கள் பயப்படுவது செம்பரம்பாக்கத்துக்கு அல்ல. அந்தத் தண்ணீர் அடையாற்றில் சேர்வதே இவர்களைத் தாண்டிக் கீழே. இங்கே வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிவது. அதை எந்த சேனலும் காட்டாது. சார் குடையோடு முனை வரை போய்ப் பார்த்து வந்தார். மார்ச்சுக்குப் பிறகு மருத்துவம் தவிர வேறு காரணத்துக்கு அவர் தெருவில் இறங்கியது அப்போதுதான். தண்ணீர் நின்று கொண்டிருக்கவில்லை, நகர்ந்து கொண்டிருந்தது. அது கெட்ட அடையாளம்.

எதிர்வீட்டு மாடிக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் இருக்கும் வீடு. அதில் இரண்டு பேர் தினமும் வெளியே போய் வருபவர்கள். முகாமுக்குப் போகலாம் என்றால் அங்கே இன்னும் கூட்டம். எட்டு மாதம் யார் வீட்டுப் படியும் ஏறாமல், பால் பாக்கெட்டைக்கூடக் கழுவி வாங்கியவர்கள். மகன் போனில் ஒன்று சொல்ல, மகள் வேறொன்று சொல்ல, நடுவில் கரண்ட் போனது. டீச்சர்தான் முடிவெடுத்தார். “தண்ணி வந்தா வந்ததுதான். அது நெகட்டிவ் ஆகாது.” மாத்திரை டப்பா, பென்ஷன் புக், ஆக்ஸிமீட்டர், இரண்டு போர்வை. முழங்கால் தண்ணீரில் தெருவைக் கடந்தார்கள்.

மாடியில் ஏழு பேரும் முகக்கவசத்தோடு உட்கார்ந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் பயம். கால்வாசி திறந்து வைத்தார்கள். சாப்பிடும்போது கழற்றித்தானே ஆக வேண்டும்? மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டார்கள். அந்த வீட்டுப் பத்து வயதுப் பெண் தூக்கம் வராமல் டீச்சரிடம் வகுத்தல் கணக்குக் கேட்டாள். பள்ளிக்கூடம் மார்ச்சிலிருந்து இல்லை. ராத்திரி ஒரு மணி வரை கணக்கு நடந்தது. “இந்த வருஷத்துலயே எனக்கு நல்ல ராத்திரி அதுதான்” என்றார் டீச்சர், கணவரைப் பார்க்காமல்.

புயல் மரக்காணம் பக்கம் கரையைக் கடந்து போயிற்று. முடிச்சூரில் பல தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர். இவர்கள் வீட்டில் மூன்று வாசற்படியில் இரண்டு முங்கியதோடு நின்றது. திரும்பி வந்ததும் இருவரும் தங்களைத் தாங்களே பூட்டிக்கொண்டார்கள். பதினான்கு நாள், காலையும் மாலையும் விரலில் கருவி. பால்காரரைக்கூடக் கேட்டிலேயே பையை மாட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டிலும்தான்.

வேலைக்கு வரும் அம்மா நவம்பர் 23ஆம் தேதியே போன் செய்திருந்தார். நெரிசல் இல்லாத நேரத்தில் பெண்கள் மின்சார ரயிலில் போகலாம் என்று அன்றுதான் விட்டார்கள். உடனே வருகிறேன் என்றவரை, புயல் ராத்திரிக்குப் பிறகு டீச்சர்தான் தள்ளிப்போடச் சொன்னார். “இத்தனை நாள் அவகிட்டேர்ந்து நமக்கு வந்துடுமோன்னு பயந்தோம். இப்ப நம்மகிட்டேர்ந்து அவளுக்குப் போயிடக் கூடாது, இல்லையா?”

பதினான்கு நாள் டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை முடிந்தது. அந்த வாரப் பேப்பரில் இங்கிலாந்தில் 90 வயதுப் பாட்டி ஒருவர் முதல் தடுப்பூசி போட்டுக்கொண்ட படத்தை சார் கத்தரித்து வைத்திருக்கிறார். இரண்டாவதாகப் போட்டுக்கொண்டவர் பெயர் வில்லியம் ஷேக்ஸ்பியர் என்பதையும் என்னிடம் காட்டினார். தடுப்பூசி இங்கே வந்து, இருவரும் போட்டுக்கொள்ளும் வரை வெளியாள் யாரும் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது மகளின் உத்தரவு. அடுத்த புதன்கிழமை மார்கழி பிறக்க இருந்தது. குனிந்து கோலம் போட டீச்சருக்கு இடுப்பு ஒத்துழைக்காது. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியாயிற்று.

“மகளிடம் சொல்லிவிட்டீர்களா?” என்றேன்.

“அவ வந்து வேலையை ஆரம்பிக்கட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்.”

“பாதி மாசம் ஆயிடுச்சே, சம்பளம் எப்படி?” என்று சார் இடையில் புகுந்தார்.

“முழு மாசம்” என்றார் டீச்சர். “பாத்திரம் மட்டும் நீங்களே தேய்ங்க. அவளுக்கு வேற வேலை இருக்கு.”